போகாஸ்தெல் நிலவறைக்கு: ஒன்றா, ஆறா, இருபதா?

லியோன் நகரில் வாழும் என் சித்தி மகனுக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த ஆண்டின் அறுவடையிலிருந்து வரும் சிவப்பு ஒயினை வாங்கி நிலவறையில் படுக்கவைத்து, பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளில் அதன் முதல் பாட்டிலைத் திறக்கும் வழக்கம் பிரான்சில் பல குடும்பங்களில் உண்டு. அங்கே மது வாங்கச் சட்டம் அனுமதிக்கும் வயதும் அதுவே. அவனும் அவன் மனைவியும் அந்த வழக்கத்தைத் தங்கள் வீட்டிலும் தொடங்க விரும்புகிறார்கள். "அண்ணா, ஐந்நூறு யூரோ ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஷாத்தோ தெ போகாஸ்தெல் என்பது வரை முடிவாகிவிட்டது. ஆனால் அவர்களே மூன்று சிவப்பு ஒயின்கள் தருகிறார்களே, அதில் எதை வாங்குவது?" என்று தொலைபேசியில் கேட்டான். ரோன் பள்ளத்தாக்கின் உணவகங்களில் பதினோரு ஆண்டுகள் ஒயின் நிலவறைகளைக் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்ன பதிலை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் சற்று விரித்து எழுதுகிறேன்.

போகாஸ்தெல் பண்ணை, அவிஞ்ஞோன் நகருக்கு வடக்கே, கூர்தெசோன் என்ற சிற்றூரின் எல்லையில், ஷாத்தோநெஃப்-துய்-பாப் என்னும் புகழ்பெற்ற ஒயின் வட்டாரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. 1549இல் பியேர் தெ போகாஸ்தெல் என்பவர் கூதுலே என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கியதிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் 19ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சின் திராட்சைக் கொடிகளை அழித்துச் சென்றபின், 1909இல் பியேர் திரமியே அந்தப் பண்ணையை வாங்கினார். அவர் தம் மருமகன் பியேர் பெரேனிடம் ஒப்படைக்க, அவரிடமிருந்து அது ழாக் பெரேனின் கைக்கு வந்தது. இன்று போகாஸ்தெல் என்ற பெயரைக் கேட்டவுடன் ஒயின் அறிந்தவர்களின் நினைவுக்கு வரும் குணம் எதுவோ, அதை வகுத்தவர் இந்த ழாக் பெரேன்தான். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் பெருகிவந்த காலத்திலேயே அவற்றை ஒதுக்கிவிட்டு இயற்கை வேளாண்மைக்கு மாறியவர் அவர். 1978இல் அவர் மறைந்த பிறகு மகன்கள் ழான்-பியேரும் பிரான்சுவாவும் பொறுப்பேற்றார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் உடன் நிற்கிறார்கள். பண்ணையின் புதிய நிலவறைக் கட்டடத்தை வடிவமைத்தது இந்தியக் கட்டடக் கலைஞர் பிஜோய் ஜெயினின் ஸ்டுடியோ மும்பை என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு குறித்துவைக்கிறேன்.

அந்த நிலத்தில் நடப்பவரின் காலுக்கு முதலில் தட்டுப்படுவன கற்கள். ரோன் ஆறு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிவந்து விட்டுச்சென்ற, கைப்பிடி அளவிலிருந்து தேங்காய் அளவு வரையிலான உருண்டைக் கற்கள் கொடிகளுக்கு நடுவே மண் தெரியாதபடி பரவிக் கிடக்கின்றன. ஒரு செப்டம்பர் மாலையில், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலான பிறகு, அவற்றில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி நெடுநேரமான பானையின் வயிற்றைத் தொட்டது போன்ற இளஞ்சூடு அதில் இருந்தது. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் குலைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் கற்களுக்கு அடியில், பழங்காலக் கடல் விட்டுச்சென்ற மணற்பாறையும் களிமண்ணும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. மிஸ்த்ரால் என்னும் வடகாற்று குலைகளை உலர்த்தி, பூஞ்சை அண்டாமல் காக்கிறது. மேலே சூடு, கீழே ஈரம், இடையில் காற்று என்ற இந்த அமைப்பு எந்தத் திராட்சைக்கு வாய்ப்பானது என்பதில்தான் போகாஸ்தெலின் கதையே இருக்கிறது.

இனி அந்த மூன்று ஒயின்களுக்கு வருகிறேன். முதலாவது கூதுலே தெ போகாஸ்தெல். லியோனையும் மார்செய் நகரையும் இணைக்கும் ஏ7 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள சுமார் 30 ஹெக்டேர் நிலத்திலிருந்து இது வருகிறது. சாலைக்கு மேற்கே இருப்பது ஷாத்தோநெஃப். கிழக்கே இருப்பது, சட்டப்படி, கோத்-துய்-ரோன் என்ற பொதுப் பெயருக்குள் அடங்கும் நிலம். இரு பக்கமும் கிடக்கும் கற்களை மாற்றி வைத்தால் வேறுபாடு கண்டுபிடிக்க எவராலும் முடியாது; ஒரே குடும்பம் ஒரே முறையில் இரண்டையும் பராமரிக்கிறது. அதனால்தான் இதைக் குட்டி போகாஸ்தெல் என்று செல்லமாக அழைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, பண்ணையின் பெயரையே தாங்கிவரும் ஷாத்தோநெஃப் சிவப்பு ஒயின். மூன்றாவது ஓமாஜ் ஆ ழாக் பெரேன், அதாவது ழாக் பெரேனுக்கு அஞ்சலி. தந்தையின் நினைவாக மகன்கள் 1989ஆம் ஆண்டின் அறுவடையில் முதன்முதலாக உருவாக்கியது. மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டும், மிகப் பழைய கொடிகளிலிருந்து, சில ஆயிரம் பாட்டில்கள் என்ற அளவிலேயே இது வெளிவருகிறது.

பிரான்சின் கடைகளில் புதிய அறுவடையின் கூதுலே ஏறத்தாழ 25 யூரோவுக்கும், ஷாத்தோநெஃப் சிவப்பு ஏறத்தாழ 80 யூரோவுக்கும் கிடைக்கின்றன. ஓமாஜ் பல நூறு யூரோவைத் தொடும். ஆண்டுக்கு ஆண்டு, கடைக்குக் கடை இவை மாறும் என்றாலும், 500 யூரோவை வைத்துக் கணக்குப் போட வேண்டியவருக்குத் தெரிவு கிட்டத்தட்ட இப்படித்தான் அமைகிறது: கூதுலே என்றால் இருபது பாட்டில், ஷாத்தோநெஃப் என்றால் ஆறு, ஓமாஜ் என்றால் ஒன்றே ஒன்று.

விலையை வைத்து முடிவெடுப்பதற்கு முன், ஒரு சிவப்பு ஒயின் பதினெட்டு, இருபத்தைந்து ஆண்டுகள் தாங்குவதற்கு எது காரணம் என்பதைப் பார்த்துவிட வேண்டும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும், தோலின் நிறப்பொருளும், சாற்றின் புளிப்பும் சேர்ந்துதான் ஒயினுக்கு ஆயுள் தருகின்றன. இளம் ஒயினில் டானின் தனித்தனிச் சிறு துகள்களாக நின்று நாக்கைப் பிடிக்கிறது. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்வதைப் போன்ற அனுபவம் அது. தக்கையின் வழியாக ஆண்டுக்கணக்கில் மிக நுண்ணிய அளவில் உள்ளே வரும் ஆக்சிஜனின் துணையோடு, டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கனத்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. கருநீலச் சிவப்பாக இருந்த ஒயின் செங்கல் நிறத்துக்கு வருகிறது, துவர்ப்பு தணிகிறது, பழ வாசம் விலகி, உலர்ந்த அத்தி, புகையிலை, பதப்படுத்திய தோல், மழைக்குப் பிறகான காட்டு மண் என்று வேறொரு வாசக் குடும்பம் அந்த இடத்துக்கு வருகிறது. ஆக்சிஜன் அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டால் இந்த இரண்டாம் குடும்பம் வருவதற்கு முன்பே ஒயின் களைத்துவிடும்.

ஷாத்தோநெஃப் வட்டாரத்தில் பெரும்பான்மையாகப் பயிராவது கிரெனாஷ். அது சர்க்கரை மிகுந்த, இனிமையான, வெயிலை விரும்பும் வகை. ஆனால் ஆக்சிஜனுக்கு எளிதில் இடம் கொடுக்கும் இயல்புடையது. கிரெனாஷை மட்டுமே நம்பி நாற்பது ஆண்டுகள் தாங்கும் ஒயினை உருவாக்க முடியும் என்பதற்கு அதே வட்டாரத்தின் ரயாஸ் பண்ணை சான்று, ஆயினும் ரயாஸின் மணல் நிலமும் அதன் மிகக் குறைந்த விளைச்சலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ழாக் பெரேன் வேறு வழியைத் தேர்ந்தார். ஷாத்தோநெஃப் விதிகள் அனுமதிக்கும் 13 திராட்சை வகைகளையும் பண்ணையில் வளர்த்ததோடு, மூர்வேத்ர் என்னும் வகைக்கு மற்றவர்கள் கொடுக்காத இடத்தைக் கொடுத்தார். மூர்வேத்ர் தோல் தடித்தது, துவர்ப்பு மிகுந்தது, ஆக்சிஜனை எதிர்த்து நிற்பது. தாமதமாகப் பழுப்பதால் விவசாயியின் பொறுமையைச் சோதிப்பதும் அதுவே. அதற்கு முகம் வெயிலிலும் கால் தண்ணீரிலும் இருக்க வேண்டும் என்று தென்பிரான்சின் விவசாயிகள் சொல்வார்கள். மேலே சூட்டுக் கல்லும் கீழே ஈர மணற்பாறையும் உள்ள போகாஸ்தெல் நிலத்தில் அந்த இரண்டும் கிடைத்தன. போகாஸ்தெலின் ஷாத்தோநெஃப் சிவப்பில் மூர்வேத்ரும் கிரெனாஷும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீதம் சமமாக நிற்க, சிராவும் கூனுவாஸும் மற்றவையும் மீதியை நிரப்புகின்றன. ஓமாஜில் மூர்வேத்ர் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூதுலேயிலும் மூர்வேத்ர் கணிசமாக உண்டு; 25 யூரோ விலையில் இவ்வளவு மூர்வேத்ர் உள்ள கோத்-துய்-ரோன் அரிது.

ழாக் பெரேன் விட்டுச்சென்ற இன்னொரு முறையும் ஆயுளோடு தொடர்புடையது. காம்பு நீக்கிய திராட்சைகளின் தோல் மட்டும் சூடேறும் வண்ணம் அவற்றை ஏறத்தாழ 80 பாகை வெப்பத்துக்கு ஒன்றரை நிமிடம் போல உட்படுத்தி, உடனே 20 பாகைக்குக் குளிர்விக்கிறார்கள். பழத்தைக் கறுக்கச்செய்யும் நொதிகள் இதில் செயலிழக்கின்றன. தோலின் நிறமும் சத்தும் எளிதில் இறங்குகின்றன. கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகத்தின் அளவையும் குறைக்க முடிகிறது. பிறகு ஒவ்வொரு வகையும் தனித்தனியே புளித்து, கலக்கப்பட்டு, பெரிய பழைய ஓக் பீப்பாய்களில் ஏறத்தாழ ஓராண்டு ஓய்வெடுக்கிறது. புதிய சிறு பீப்பாயின் வனிலா வாசம் போகாஸ்தெலில் இருக்காது. மரத்தின் அலங்காரம் இல்லாமல் பழமும் நிலமும் மட்டுமே முதுமை அடைவதை விரும்புகிறவன் நான் என்பதால், இந்தப் பண்ணையின் மீது எனக்குள்ள பற்றை மறைக்கப்போவதில்லை.

இருபது பாட்டில் என்ற எண்ணிக்கை கவர்ச்சியானது. கூதுலேயை நான் மிகவும் மதிக்கிறேன். என் வீட்டு மேசைக்கு அதிகம் வருவது அதுவே. ஆனால் அதன் பீப்பாய்க் காலம் குறைவு, கட்டமைப்பு மென்மையானது, அறுவடைக்குப் பின் மூன்றாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை அதன் நல்ல காலம். சிறந்த ஆண்டுகளில் பத்தைத் தாண்டியும் அழகாக நிற்கும். பதினெட்டாம் ஆண்டில் திறக்கும்போது மகிழ்ச்சி தரும் என்று ஒரு தகப்பனிடம் உறுதி சொல்ல என்னால் முடியாது. பாப்பா பிறந்த ஆண்டின் கூதுலேயை இருபது பாட்டில் வாங்கினால், அவள் தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் பெற்றோரே அவற்றைக் குடித்து முடித்துவிட வேண்டியிருக்கும். அது நல்ல ஒயினை நன்றாக அனுபவித்ததாகும், ஆனால் அவர்கள் கேட்டது அதற்கான வழி அல்ல.

மறுமுனையில் ஓமாஜ். நான் என் வாழ்க்கையில் இரண்டு முறை மட்டுமே அதைச் சுவைத்திருக்கிறேன். 1998ஆம் ஆண்டின் பாட்டில் ஒன்றை அதன் பதினைந்தாவது வயதில் வாடிக்கையாளர் ஒருவர் திறக்கச் சொல்லி, எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தந்தார். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் அது இளமை தணியாமல் இருந்தது. நிறம் நடுவில் கறுப்பாகவே நின்றது. விழுங்கிய பின் சுவை வாயில் தங்கிய நேரத்தை நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்தேன், ஒரு நிமிடத்தைத் தாண்டியது. உலகின் பெரிய சிவப்பு ஒயின்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளை அது எளிதாகத் தாங்கும்.

அப்படியிருந்தும் சித்தி மகனுக்கு ஓமாஜை நான் பரிந்துரைக்கவில்லை. அது எல்லா ஆண்டும் வருவதில்லை என்பது முதல் காரணம். குழந்தை பிறந்த ஆண்டில் அது வருமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. வராத ஆண்டுகளில் அந்தப் பழைய கொடிகளின் பழம் வழக்கமான ஷாத்தோநெஃப் சிவப்புக்குள் போய்ச் சேர்கிறது என்பதால், அவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவதாக, 18 வயதில் திறந்தால் ஓமாஜ் தன் முழுமையை எட்டியிருக்காது. பெண்ணின் முப்பதாம் பிறந்தநாளை மனத்தில் வைத்து வாங்க வேண்டிய ஒயின் அது. எல்லாவற்றையும் விட என்னைத் தயங்கவைப்பது அந்த ஒற்றை எண்ணிக்கை. இயற்கைத் தக்கையால் மூடப்பட்ட எந்த ஒயினிலும் நூற்றுக்குச் சில பாட்டில்கள், ஈர அட்டைப்பெட்டியைப் போல நாறும் தக்கைக் கேட்டோடு வருகின்றன. அதைச் செய்தவர் யாராக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதிலிருந்து தப்ப வழியில்லை. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து, உறவினர்கள் கூடியிருக்கும் வேளையில், அந்த ஒற்றைப் பாட்டில் அப்படி அமைந்துவிட்டால் அடுத்த பாட்டிலை எடுக்க நிலவறைக்குப் போக முடியாது. எப்போது திறப்பது என்பதைத் தெரிந்துகொள்ளவும் ஒற்றைப் பாட்டிலில் வழியில்லை, ஏனென்றால் திறந்து பார்த்தால்தான் தெரியும், திறந்தால் தீர்ந்தது.

நடுவில் இருக்கும் ஷாத்தோநெஃப் சிவப்பை நான் தேர்ந்தது விலையில் நடுவில் இருக்கிறது என்பதற்காக அல்ல. அதன் நல்ல ஆண்டுகள் இருபது முதல் முப்பது ஆண்டுகள் வரை வளர்கின்றன. 18 வயது என்பது ஏறத்தாழ அதன் நடுப்பகலில் விழுகிறது. ஆனால் அதை வாங்குகிறவர்கள் அதன் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிவந்த புதிதில் இரண்டு மூன்று ஆண்டுகள் அது கருஞ்செர்ரியும் மிளகும் தைமும் மணக்க வெளிப்படையாகப் பேசும். பிறகு, அறுவடையிலிருந்து நான்காவது அல்லது ஐந்தாவது ஆண்டில், மூர்வேத்ரின் இயல்பால் மூடிக்கொள்ளும். அந்த ஊமைப் பருவத்தில் திறப்பவர்கள், இதற்கா இவ்வளவு விலை என்று கேட்பார்கள். பத்தாம் ஆண்டுக்கு மேல் மெல்லத் திறந்துகொள்ளும். முதல் நான்கு ஆண்டுக்குள் குடி, இல்லாவிட்டால் பத்தாண்டு தொடாதே என்பது அந்தப் பகுதியின் ஒயின் கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை.

இதை நான் நேரில் கண்டது ஒரே பெட்டியில் வந்த 2001ஆம் ஆண்டின் பாட்டில்களில். 2008இல் ஒன்றைத் திறந்தபோது துவர்ப்பும் காரமும் தவிர வேறொன்றும் அதில் இல்லை. சமையற்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை நகர்த்திவைத்தார். 2017இல் அதே பெட்டியின் இன்னொன்றை, முந்தைய நாளே நிமிர்த்திவைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டிலின் தோளைப் பார்த்தபடி குடுவைக்கு மாற்றினேன். கடைசி இரண்டு விரற்கடை அளவில் வண்டல் புகைபோல் எழுந்து கழுத்தை நோக்கி வந்தவுடன் நிறுத்தினேன். குடுவையின் ஓரத்தில் ஒயின் செங்கல் நிறத்தில் மெலிந்திருந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் வெல்லப்பாகில் ஊறிய நெல்லிக்காயின் துவர்ப்பைப் போல இனிப்போடு கலந்து இருந்தது. பழைய தோல் பையின் மணமும் உலர்ந்த அத்தியும் காட்டு மூலிகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்பு கோப்பையை நகர்த்திவைத்த அதே சமையற்காரர் அன்று மூன்றாம் முறை நீட்டினார். ஒன்பது ஆண்டுகளில் அந்த ஒயினுக்கு நேர்ந்ததை அறிய எங்களுக்கு வாய்த்தது, பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில்கள் இருந்ததால்தான். நிலவறைக்கென்று ஒயின் வாங்குபவர் அதன் மாற்றத்தைப் பார்க்கும் வாய்ப்புகளையே வாங்குகிறார் என்று நான் நம்புகிறேன். ஆறு பாட்டில் அந்த வாய்ப்பை ஆறு முறை தருகிறது.

ஆண்டு நன்றாக அமையாவிட்டால் என்ன செய்வது என்றும் அவன் கேட்டான். 2002 செப்டம்பரில் தென் ரோன் பகுதியில் பெருமழையும் வெள்ளமும் அறுவடை வேளையில் வந்து சேர்ந்ததைப் போன்ற ஆண்டுகள் இனியும் வரலாம். அத்தகைய ஆண்டில் எந்தப் பண்ணையும் முப்பது ஆண்டு ஒயினைத் தர முடியாது. அதே சமயம், வெவ்வேறு காலத்தில் பழுக்கும் 13 வகைகளை வைத்திருக்கும் பண்ணைக்கு, ஒன்று தவறினால் மற்றொன்றைக் கொண்டு ஈடுகட்டும் வசதி உண்டு. அறுவடை முடிந்து ஒயின் கடைக்கு வர இரண்டு ஆண்டு போல ஆகும். அதற்குள் அந்த ஆண்டின் தரம் நன்றாகத் தெரிந்துவிடும். மோசமான ஆண்டு என்றால், பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, இவர்களுடைய திருமண ஆண்டின் ஒயினைத் தேடலாம் என்றேன். அவர்களுக்குத் திருமணமான 2019 அந்தப் பகுதிக்கு நல்ல ஆண்டு.

இந்த மூன்றில் எதை வாங்கினாலும் வைக்கும் இடம் சரியில்லாவிட்டால் பணம் வீண். 12 முதல் 14 பாகை வரை மாறாத குளிர்ச்சி, தக்கை உலராத ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை ஆகிய நான்கும் வேண்டும். போகாஸ்தெலுக்கு இது மற்ற ஒயின்களை விடவும் கூடுதலாகப் பொருந்தும். கந்தகம் குறைவாகச் சேர்த்து, கடுமையாக வடிகட்டாமல் பாட்டிலில் அடைக்கப்படும் ஒயினில் உயிர் மிச்சம் இருக்கிறது; பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் அதில் இருந்தால், வெப்பம் கண்டவுடன் பெருகி மாட்டுத்தொழுவ வாசத்தை உண்டாக்கும். போகாஸ்தெலின் பழைய ஆண்டுகளில், குறிப்பாக 1989, 1990 ஆகியவற்றில், இந்த வாசம் பற்றிச் சுவைஞர்களிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. சிறிதளவில் அதை ஆழம் என்று ரசிப்பவர்களும், கேடு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்குச் சிறிதளவு பிடிக்கும். ஆனால் சூடான அறையில் வைத்து அதை வளர்த்துவிடுவதில் எந்த ரசனையும் இல்லை. என் முதல் அடுக்குமாடி வீட்டில், சமையலறை அலமாரியில் ஆறு பாட்டில் கூதுலேயை ஒரு கோடைகாலம் முழுக்க வைத்திருந்தேன். ஆகஸ்ட் இறுதியில் இரண்டு பாட்டில்களில் தக்கை விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தது. மற்ற நான்கிலும் பழம் வெந்துபோய்க் கொதித்த சாறாகச் சுவைத்தது. அந்த ஆறையும் கெடுத்தவன் நான், ஒயினின் மீது குறை ஏதும் இல்லை.

லியோனில் அவர்கள் இருப்பது நான்காம் மாடியில், கட்டடத்துக்கு நிலவறை இல்லை. ஆகையால் 500 யூரோவில் ஒயின் முழுவதையும் வாங்கிவிட்டு இடத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விடும்படி சொன்னேன். ஒயினுக்கென்று செய்யப்பட்ட சிறு குளிர்பெட்டி, அல்லது மாத வாடகைக்குக் கிடைக்கும் பொது நிலவறையில் ஓர் அடுக்கு, அல்லது கிராமத்தில் மாமனார் வீட்டின் கல் நிலவறை. மூன்றில் மாமனார் வீடே சிறந்தது என்பது என் கருத்து. கோடையில் வெப்பமானியை ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்த்துவிட்டால் போதும்.

முதிர்ந்த ஒயினை ஏலத்தில் வாங்குவது நான்காவது வழி. குழந்தையின் ஆண்டுக்கு அது பொருந்தாது. தனக்காக வாங்குபவர், முந்தைய உரிமையாளர் அதை எங்கே வைத்திருந்தார் என்பதற்குச் சான்று கிடைக்காவிட்டால் விலகிவிடுவது நல்லது.

மேக்னம் என்னும் ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கழுத்தும் தக்கையும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்க, உள்ளே இருக்கும் ஒயின் இரு மடங்கு என்பதால், ஆக்சிஜனின் வேலை மெதுவாக நடக்கிறது. ஒயின் நிதானமாகவும் நீண்ட காலமும் முதிர்கிறது. விலை இரண்டு பாட்டிலை விடச் சற்று அதிகம் இருக்கும். இருபத்தைந்து ஆண்டுக்கு அப்பால் நினைப்பவர்களுக்கு, ஓமாஜ் ஒரு பாட்டிலைவிட ஷாத்தோநெஃப் சிவப்பின் மேக்னம் ஒன்று அறிவார்ந்த முதலீடு என்று தயங்காமல் சொல்வேன்.

ஆகவே கடைசியில் ஆறு என்ற கணக்கையே சற்று மாற்றிக் கொடுத்தேன்: ஷாத்தோநெஃப் சிவப்பில் நான்கு வழக்கமான பாட்டில், ஒரு மேக்னம். முதல் பாட்டிலைப் பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பெற்றோர் இருவரும் தனியே திறந்து பார்க்க வேண்டும். அது இன்னும் வாய் மூடியிருந்தால், பதினெட்டாம் பிறந்தநாளன்று குடுவைக்கு மாற்றி மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். எதிர்பார்த்ததைவிட விரைவாக முதிர்ந்திருந்தால், பாட்டிலைத் திறந்தவுடன் பரிமாற வேண்டும் என்று புரியும். இரண்டாவதும் மூன்றாவதும் பதினெட்டுக்கு; ஒன்றில் தக்கைக் கேடு இருந்தால் மற்றொன்று கைகொடுக்கும். நான்காவது அவளுடையது, எப்போது, யாரோடு திறப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும், திறக்காமல் யாருக்காவது கொடுத்தாலும் சரி. இதற்கிடையில், அவர்கள் இருவரும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பாட்டில் கூதுலேயை வீட்டுச் செலவில் வாங்கிக் குடித்து வந்தால், சாலைக்கு மறுபக்கம் உள்ள நிலத்தின் குணம் நாக்குக்குப் பழகிவிடும்.

மேக்னமை இருபத்தைந்தாம் வயது வரை தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவு காலத்துக்குப் பிறகு இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள் என்று அவன் மனைவி கேட்டாள். திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிமிர்த்திவைக்க வேண்டும், அந்தப் பழைய தக்கையைச் சாதாரணத் திருகியால் இழுக்காமல் இரண்டு தகடுகள் உள்ள கருவியால் பக்கவாட்டில் பிடித்து எடுக்க வேண்டும், வண்டல் எழுந்தவுடன் ஊற்றுவதை நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் கெட்டி அட்டையில் மையால் எழுதி, நூலால் அதன் கழுத்திலேயே கட்டிவிடச் சொன்னேன்.